வாசகர் பார்த்துக்கொண்டிருக்கும் பதிவே ‘தொடர்புடையவை’ பட்டியலிலும் வருகிறது: செருகுநிரலின் வினவலில் அதை விலக்குவது எப்படி?

தினைக்களம்

வணக்கம். சிறுதானியச் சமையற்குறிப்புகளுக்காக வேர்ட்பிரஸில் ஒரு தளம் நடத்திவருகிறேன். இதுவரை ஏறத்தாழ 430 பதிவுகள் சேர்ந்துள்ளன. ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் ‘இதையும் சமைத்துப் பாருங்கள்’ என்ற தலைப்பில், அதே வகையைச் சேர்ந்த நான்கு பதிவுகளைப் படத்துடன் காட்ட ஓர் இலவசச் செருகுநிரலை (ப்ளகின்) பயன்படுத்துகிறேன். அதன் ஷார்ட்கோடை, அதாவது பட்டியலை வரவழைக்கும் குறுங்குறியை, வார்ப்புருவில் ஒரே ஒருமுறை எழுதிவிட்டதால், எல்லாப் பதிவுகளிலும் பட்டியல் தானாகவே வந்துவிடுகிறது.

சிக்கல் என்னவென்றால், வாசகர் படித்துக்கொண்டிருக்கும் பதிவே அந்த நான்கில் ஒன்றாக வந்து நிற்கிறது. குதிரைவாலி உப்புமா செய்முறையைப் படித்து முடித்துக் கீழே வந்தால், அதே வாணலிப் படத்துடன் குதிரைவாலி உப்புமாவே முதல் அட்டையாகத் தெரிகிறது. ஒரு வாசகர் அதைச் சொடுக்கிவிட்டு, ‘உங்கள் தளத்தில் இணைப்பு வேலை செய்யவில்லை’ என்று எனக்கு எழுதியிருந்தார். அண்மையில் எழுதிய பதிவுகளில் மட்டுமே இது நேர்கிறது. பழைய பதிவுகள் ஒழுங்காகத்தான் இருக்கின்றன.

செருகுநிரலின் அமைப்புப் பக்கத்தில் ‘விலக்க வேண்டிய பதிவுகள்’ என்றொரு பெட்டி உண்டு. ஆனால் அதில் எண்களைத்தான் கொடுக்க முடியும், ‘இப்போதைய பதிவு’ என்று சொல்ல வழியில்லை. ஷார்ட்கோடிலும் அதற்கு இணையான பண்பு எதுவும் இல்லை. ஆகவே துணைத் தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில், ப்ரீ_கெட்_போஸ்ட்ஸ் என்னும் ஹூக்கை (வேர்ட்பிரஸின் ஓட்டத்தில் நம் நிரலை இணைக்கும் இடம்) பிடித்து இரண்டு முறை முயன்றேன்.

முதல் முயற்சியில், வரும் வினவல் (பதிவுகளைக் கேட்டுத் தரவுத்தளத்துக்குப் போகும் கேள்வி) தனிப்பதிவுக்கு உரியதா என்று அந்த வினவலிடமே கேட்டு, ஆம் என்றால், விலக்க வேண்டிய பதிவுகளைக் குறிக்கும் போஸ்ட்__நாட்_இன் அளவுருவில், இப்போதைய பதிவுக்காக கெட்_த_ஐடி தரும் எண்ணை இட்டேன். பட்டியலில் எந்த மாற்றமும் இல்லை. இரண்டாவது முயற்சியில், நிபந்தனையை எடுத்துவிட்டு உப்புமாப் பதிவின் எண்ணான 418-ஐ நேரடியாக எழுதிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்தால் ‘404, பக்கம் காணப்படவில்லை’ என்று வந்தது. நிர்வாகப் பகுதியின் பதிவுப் பட்டியலிலும் உப்புமாவைக் காணவில்லை. அழிந்தே போய்விட்டதோ என்று பதறி, எழுதிய வரிகளை நீக்கிய பிறகுதான் அது திரும்பி வந்தது. நான் எங்கே தவறினேன்?

அரைப்புள்ளி

பதிவு எங்கும் போயிருக்காது, கவலை வேண்டாம். நிரற்பெயர்களை நானும் உங்களைப் போலவே ஒலிபெயர்த்து எழுதுகிறேன். கோப்பில் இடும்போது ஆங்கில எழுத்தில் இடுங்கள்.

ப்ரீ_கெட்_போஸ்ட்ஸ் என்பது செருகுநிரலுக்கு மட்டும் உரிய வாசல் அன்று. ஒரு பக்கம் உருவாகும்போது ஓடும் முதன்மை வினவல், பக்கப்பட்டையின் ‘அண்மைப் பதிவுகள்’, பட்டியல் செருகுநிரலின் வினவல், நிர்வாகப் பகுதியின் பதிவுப் பட்டியல் என எல்லாமே அந்த வாசல் வழியாகத்தான் தரவுத்தளத்துக்குப் போகின்றன. நீங்கள் நிபந்தனையின்றி 418-ஐ விலக்கியதால், ‘குதிரைவாலி உப்புமா என்ற முகவரிக்குரிய பதிவைக் கொடு, ஆனால் 418-ஆம் எண்ணைக் கொடுக்காதே’ என்று முதன்மை வினவலே கேட்டிருக்கிறது. அப்படி ஒரு பதிவு இல்லை என்பதால் 404 வந்தது. நிர்வாகப் பகுதியில் காணாமற்போனதற்கும் இதுவே காரணம்.

முதல் முயற்சி ஏன் பலிக்கவில்லை என்பது இதைவிடச் சுவையானது. ‘நீ தனிப்பதிவுக்கு உரியவனா’ என்று நீங்கள் கேட்டது அப்போது தயாராகிக்கொண்டிருந்த வினவலிடம். பட்டியலின் வினவல் ‘இந்த வகையில் நான்கு பதிவுகள்’ என்று கேட்பது; அது தனிப்பதிவு வினவல் அன்று என்பதால் நிபந்தனை பொய்த்து, உங்கள் வரிகள் அதைத் தொடவே இல்லை. முதன்மை வினவலிடம் நிபந்தனை மெய்யாயிற்று. ஆனால் அந்தக் கணத்தில் எந்தப் பதிவும் இன்னும் எடுக்கப்படவில்லை ஆதலால், கெட்_த_ஐடி கையை விரித்தது. அந்த வெறுமை எண்ணாக மாறும்போது 0 ஆகிறது. பூச்சியம் எண்ணுள்ள பதிவை மிகக் கவனமாக விலக்கியிருக்கிறீர்கள்.

பழைய பதிவுகளில் சிக்கல் தெரியாததற்குக் காரணம், பட்டியல் நாள்வரிசையில் கடைசி நான்கை எடுப்பதுதான். ஒரு வகையில் 60 பதிவுகள் இருந்தால், அந்த நான்கில் உள்ள பதிவைத் திறக்கும்போது மட்டுமே அது தன்னைத் தானே காட்டும். மொத்தமே நான்கு பதிவுகள் உள்ள வகையில் எல்லாமே காட்டும்.

இனிச் செய்ய வேண்டியது: செருகுநிரலின் கோப்புகளில் டபிள்யூபி_கொயரி என்ற சொல்லைத் தேடி, அதற்கு நாலைந்து வரிகள் மேலே அப்ளை_ஃபில்டர்ஸ் என்று ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுதான் உங்களுக்கான சரியான வாசல். அந்த ஒரு வினவலின் அளவுருக்களை மட்டும் அங்கே மாற்றிக்கொள்ளலாம். செருகுநிரலின் கோப்பையே திருத்திவிடாதீர்கள், அடுத்த புதுப்பித்தலில் திருத்தம் பறிபோகும்.

பழைய சர்வர்

மேலே சொன்னதோடு ஒன்று. நிரல் எழுதுவதற்கு முன் செருகுநிரலிலேயே வசதி இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. பலர் இருப்பதைக் கவனிக்காமல் எழுதத் தொடங்குகிறார்கள். டிஸ்ப்ளே போஸ்ட்ஸ் செருகுநிரலின் ஷார்ட்கோடில் எக்ஸ்க்ளூட்_கரண்ட் என்ற பண்பை ‘ட்ரூ’ என்று கொடுத்தாலே போதும். எலிமென்டார் ப்ரோவின் போஸ்ட்ஸ் விட்ஜெட்டில் கொயரி பகுதியின் விலக்கல் பட்டியலில் ‘கரண்ட் போஸ்ட்’ என்றே ஒரு தேர்வு இருக்கிறது. அதற்கும் மேல் வேண்டுமானால் கொயரி ஐடி ஒன்றைக் கொடுத்து, அந்தப் பெயரில் எழும் ஹூக்கில் உங்கள் நிரலை இணைக்கலாம்.

எந்த வினவல் எங்கிருந்து புறப்படுகிறது என்பதைக் கண்ணால் காண, கொயரி மானிட்டர் செருகுநிரலைச் சோதனைத் தளத்தில் நிறுவுங்கள். ஒவ்வொரு வினவலையும் எந்தச் செருகுநிரல் அல்லது தீம் அழைத்தது என்று அது காட்டிவிடும். ‘நாட் இன்’ என்பதற்குப் பின் அடைப்புக்குறிக்குள் 418 நிற்கிறதா 0 நிற்கிறதா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்; ஊகிக்க வேண்டியதில்லை.

தினைக்களம்

இருவருக்கும் நன்றி. பூச்சியத்தை விலக்கியிருக்கிறேன் என்பதைப் படித்துவிட்டுச் சிரித்தேன், ஆனால் கொயரி மானிட்டரில் அதுவே தெரிந்தது.

செருகுநிரலில் நீங்கள் சொன்னபடியே ஒரு ஃபில்டர் இருக்கிறது. வினவல் அளவுருக்களையும் ஷார்ட்கோடின் பண்புகளையும் அது கொடுக்கிறது. அதில் போஸ்ட்__நாட்_இன் மதிப்பாக கெட்_த_ஐடி தரும் எண்ணை அர்ரேயாக (மதிப்புகளின் தொகுப்பாக) இட்டவுடன் உப்புமா மறைந்துவிட்டது. ஆனால் மூன்று புதிய கோளாறுகள் முளைத்துள்ளன.

அமைப்புப் பெட்டியில் நான் விலக்கியிருந்த மூன்று அறிவிப்புப் பதிவுகள் இப்போது பட்டியலில் எட்டிப்பார்க்கின்றன. ‘தினை வாரம்’ என்ற தொடரின் பதிவுகளில் மட்டும், 12 எண்களை நானே தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வேறொரு ஷார்ட்கோடு உள்ளது. அங்கே விலக்கல் சிறிதும் வேலை செய்யவில்லை, பிழைச்செய்தியும் இல்லை. மூன்றாவது, பட்டியலின் அடியிலுள்ள ‘மேலும் காட்டு’ பொத்தானை உப்புமாப் பக்கத்தில் அழுத்தினால், முதல் நான்கில் கடைசியாக இருந்த சாமைப் பொங்கல் அடுத்த நான்கின் தலையில் மறுபடியும் வருகிறது. பழைய பதிவுகளில் அழுத்தினால் சில நேரம் அந்தப் பதிவே வந்துவிடுகிறது.

அரைப்புள்ளி

முதலாவது எளிது. செருகுநிரல் அந்த மூன்று எண்களையும் அதே போஸ்ட்__நாட்_இன் அர்ரேயில்தான் வைத்திருந்திருக்கும்; நீங்கள் புதிய அர்ரேயைக் கொடுத்ததும் பழையது துடைத்தெறியப்பட்டது. ஏற்கெனவே இருப்பதை எடுத்து, அர்ரே_மெர்ஜ் கொண்டு உங்கள் எண்ணை அதனுடன் சேர்க்க வேண்டும். முன்பு ஒன்றுமே இல்லாதபோது வெற்று அர்ரே இருப்பதாகக் கொள்ளவும் ஒரு சோதனை தேவை. காற்புள்ளியிட்ட சரமாக எண்களைக் கொடுத்தால் இந்த அளவுரு ஏற்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, பலரையும் ஒரு நாள் முழுக்க அலைக்கழிப்பது. உங்கள் ‘தினை வாரம்’ ஷார்ட்கோடு 12 எண்களைப் போஸ்ட்__இன் அளவுருவில் கொடுக்கிறது. போஸ்ட்__இன், போஸ்ட்__நாட்_இன் ஆகிய இரண்டும் ஒரே வினவலில் இருந்தால் வேர்ட்பிரஸ் முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னதை ஓசையின்றிக் கைவிட்டுவிடும். மையநிரலில் இவை ‘இது இல்லாவிட்டால் அது’ என்ற வரிசையில்தான் எழுதப்பட்டுள்ளன. ஆகவே போஸ்ட்__இன் நிரம்பியிருந்தால், அர்ரே_டிஃப் கொண்டு இப்போதைய எண்ணை அந்தப் பட்டியலிலிருந்தே கழித்துவிடுங்கள்.

கழித்தபின் மிஞ்சுவது வெற்று அர்ரேயாக இருந்தால் ஒரு பொறி உண்டு. வெற்றுப் போஸ்ட்__இன் என்றால் ‘எதையும் காட்டாதே’ என்று நாம் நினைப்போம். வேர்ட்பிரஸோ ‘கட்டுப்பாடு எதுவும் இல்லை’ என்று எடுத்துக்கொண்டு எல்லாப் பதிவுகளிலிருந்தும் அள்ளிப் போடும். இப்போது 12 எண்கள் இருப்பதால் உங்களுக்கு இது நேராது, ஆனால் நாளை ஒரே பதிவுடன் புதிய தொடரைத் தொடங்கும் நாளில் நேரும். மிச்சம் எதுவுமில்லை என்றால் 0 என்ற ஒற்றை எண்ணை உள்ளே வைத்துவிடுங்கள். அந்த எண்ணில் பதிவு கிடையாது ஆதலால் பட்டியல் வெறுமையாகவே இருக்கும்.

கெட்_த_ஐடி பற்றியும் ஒரு சொல். அது ‘இக்கணத்தில் எந்தப் பதிவு கையில் இருக்கிறதோ’ அதன் எண்ணைத் தருவது. உங்கள் பக்கத்தில் இன்னொரு பட்டியல் முன்னதாக ஓடி, முடிவில் டபிள்யூபி_ரீசெட்_போஸ்ட்டேட்டாவை அழைக்க மறந்திருந்தால், அந்தப் பட்டியலின் கடைசிப் பதிவைத்தான் நீங்கள் விலக்குவீர்கள். கெட்_கொயரீட்_ஆப்ஜெக்ட்_ஐடி அப்படி மாறாது; பக்கத்தின் முதன்மை வினவல் எதைக் கேட்டதோ அதையே சொல்லும். ஆனால் அதுவும் கண்ணை மூடிக்கொண்டு நம்பத்தக்கதன்று. வகைப் பக்கத்தில் அது தருவது வகையின் எண்ணை. ‘உப்புமா வகைகள்’ என்ற வகையின் எண் 37 என்றால், வகைப் பக்கத்தில் ஓடும் பட்டியலிலிருந்து 37-ஆம் எண்ணுள்ள, எந்தத் தொடர்பும் இல்லாத பதிவு ஒன்று மறைந்துபோகும். அதனால் இஸ்_சிங்குலர் மெய்யாக இருக்கும்போது மட்டும் அந்த எண்ணை எடுங்கள். இம்முறை அந்தக் கேள்வியைப் பக்கத்தை நோக்கிக் கேட்க வேண்டும், வினவலை நோக்கி அன்று.

பழைய சர்வர்

மூன்றாவதை நான் சொல்கிறேன்.

‘மேலும் காட்டு’ அழுத்தப்படும்போது அட்மின்-ஏஜாக்ஸ் கோப்புக்குத் தனிக் கோரிக்கை ஒன்று போகிறது. அந்தக் கோரிக்கைக்கு முதன்மை வினவல் கிடையாது, ‘இப்போதைய பதிவு’ என்ற கருத்தும் கிடையாது. ஆகவே அங்கே விலக்கல் நிகழ்வதில்லை. உப்புமாப் பக்கத்தில் முதல் தொகுப்பு உப்புமாவைத் தவிர்த்து 2, 3, 4, 5-ஆம் இடங்களில் உள்ளவற்றைக் காட்டியது. இரண்டாம் தொகுப்போ விலக்கல் இல்லாத பட்டியலில் நான்கைத் தாண்டி 5-ஆம் இடத்திலிருந்து தொடங்கியது. உங்கள் சாமைப் பொங்கல் அந்த 5-ஆம் இடத்துப் பதிவு. நீங்கள் திறந்திருக்கும் பதிவு வரிசையில் நான்காம் இடத்துக்குக் கீழே இருந்தால், விலக்கப்படாத இரண்டாம் தொகுப்பிலோ மூன்றாம் தொகுப்பிலோ அதுவே தலைகாட்டும்.

முறையான தீர்வு, பொத்தானிலேயே ஒரு டேட்டா பண்பில் பதிவின் எண்ணை எழுதி, ஜாவாஸ்கிரிப்ட் அதைக் கோரிக்கையுடன் அனுப்பும்படி செய்து, பெறும் இடத்தில் ஆப்ஸ்இன்ட் கொண்டு அதை எண்ணாக மாற்றிப் பயன்படுத்துவதாகும். உலாவியிலிருந்து வருவது எதுவானாலும் அப்படியே நம்பக் கூடாது. செருகுநிரலின் ஜாவாஸ்கிரிப்டைத் தொட முடியாத நிலை என்றால், கோரிக்கை எந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டது என்பதை டபிள்யூபி_கெட்_ரெஃபரர் வழியாகப் பெற்று, யூஆர்எல்_டு_போஸ்ட்ஐடி கொண்டு அதன் எண்ணைக் கண்டறியலாம். ரெஃபரரை மறைக்கும் உலாவி அமைப்புகளில் இது தோற்கும். தோற்றால் 0 கிடைக்கும், அப்போது இன்றிருக்கும் நிலைதான், அதைவிட மோசமாகாது.

நாலாம் தாழ்வாரம்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் செருகுநிரல் எதுவும் இல்லாமல், பிளாக் தீமில், பதிவுப் பட்டியலைக் காட்டும் கொயரி லூப் பிளாக்கைத்தான் பயன்படுத்துகிறேன். அதிலும் இதே தொல்லை. அங்கே ஃபில்டர் எது?

அரைப்புள்ளி

வேர்ட்பிரஸ் 6.1 முதல் கொயரி_லூப்_பிளாக்_கொயரி_வார்ஸ் என்ற ஃபில்டர் இருக்கிறது. வினவல் அளவுருக்கள், பிளாக், பக்க எண் ஆகிய மூன்றையும் அது தரும். ‘வார்ப்புருவின் வினவலையே பின்பற்று’ என்ற அமைப்பில் பிளாக் இருந்தால் இந்த ஃபில்டர் எழாது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பட்டியலில் விலக்க வேண்டும் என்பதைக் குறிக்கப் பலர் பிளாக்குக்கு ஒரு சிஎஸ்எஸ் வகுப்புப் பெயரிட்டு, ஃபில்டரில் அதைத் தேடுகிறார்கள். இது ஏமாற்றும். ஃபில்டரில் வருவது கொயரி லூப் பிளாக் அன்று, அதனுள் இருக்கும் போஸ்ட் டெம்ப்ளேட் பிளாக். பக்க எண்களைக் காட்டும் பிளாக்குகளும் தங்கள் கணக்குக்காக இதே ஃபில்டரைத் தனித்தனியாக எழுப்புகின்றன. போஸ்ட் டெம்ப்ளேட்டுக்கு மட்டும் வகுப்பு கொடுத்தால், பட்டியல் ஒரு கணக்கிலும் பக்க எண்கள் வேறொரு கணக்கிலும் போகும். அதைவிட, கோட் எடிட்டரைத் திறந்து, கொயரி லூப்பின் ‘கொயரி’ என்னும் பண்புத்தொகுதிக்குள் உங்களுடைய குறி ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்; அத்தொகுதி முழுவதும் சூழலாக எல்லா உட்பிளாக்குகளுக்கும் போய்ச்சேரும் என்பதால், ஃபில்டரில் பிளாக்கின் சூழலிலிருந்து அதைப் படித்துக்கொள்ளலாம்.

இங்கும் அர்ரே_மெர்ஜ்தான் வேண்டும். ஒட்டிவைத்த (ஸ்டிக்கி) பதிவுகளைத் தவிர்க்கச் சொன்னால் வேர்ட்பிரஸே அவற்றைப் போஸ்ட்__நாட்_இன் உள்ளே இட்டுவைத்திருக்கும். எடிட்டரின் முன்னோட்டத்தில் மாற்றம் தெரியாது, ஏனெனில் முன்னோட்டம் ரெஸ்ட் ஏபிஐ வழியாக வருவது. தளத்தில் திறந்து பாருங்கள்.

பழைய சர்வர்

தினைக்களத்துக்கு ஒரு மாற்று யோசனை. பதிவுக்குப் பதிவு விலக்கும் எண் மாறுவதால், 430 பக்கங்களுக்கும் 430 வெவ்வேறு வினவல்கள் உண்டாகின்றன. வேர்ட்பிரஸ் 6.1 முதல் டபிள்யூபி_கொயரியின் முடிவுகள் ஆப்ஜெக்ட் கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பில் வைக்கப்படுகின்றன. வினவல் ஒவ்வொரு பக்கத்திலும் வேறானால் ஒரு பக்கத்தின் சேமிப்பு இன்னொன்றுக்கு உதவாது. விலக்காமல், நான்குக்குப் பதிலாக ஐந்து பதிவுகளை எடுத்து, த_போஸ்ட்ஸ் என்ற ஃபில்டரில் இப்போதைய பதிவைக் கழித்துவிட்டு முதல் நான்கை வைத்துக்கொண்டால், ஒரு வகைக்கு ஒரே வினவல் போதும். அந்தப் பட்டியலை அடையாளம் காண வினவலில் ஒரு குறியை வையுங்கள். ஆனால் பதிவின் எண்ணை அந்தக் குறியாக எழுதிவிடாதீர்கள், சேமிப்பின் சாவியில் அதுவும் கலப்பதால் மறுபடியும் 430 ஆகிவிடும்.

அரைப்புள்ளி

யோசனை நல்லது, ஆனால் இவருக்குப் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம். ரெடிஸ் அல்லது மெம்கேஷ்ட் போன்ற நிலையான சேமிப்பு இல்லாத தளத்தில் ஆப்ஜெக்ட் கேஷ் ஒரு கோரிக்கையுடன் கலைந்துவிடும். அடுத்த பக்கத்துக்கு எதுவும் மிஞ்சாது. ஓர் எண்ணை விலக்குவதால் தரவுத்தளத்துக்கு ஏற்படும் சுமையும் பொருட்படுத்தத் தக்கதன்று; நூற்றுக்கணக்கில் விலக்கினால்தான் யோசிக்க வேண்டும். அதோடு, ஐந்தை எடுத்து நான்கைக் காட்டும் முறை ‘மேலும் காட்டு’ பொத்தானுடன் ஒத்துப்போகாது. தொகுப்புக்கு ஐந்து என்றாகிவிட்டதால் இரண்டாம் தொகுப்பு 6-ஆம் இடத்திலிருந்து தொடங்கும். நாலாம் இடத்துக்கும் கீழே உள்ள ஒரு பதிவைத் திறந்திருப்பவருக்கு 5-ஆம் இடத்துப் பதிவு கண்ணிலேயே படாது.

பழைய சர்வர்

பொத்தானை மறந்துவிட்டேன். அது இருக்கும்வரை விலக்கலே சரி. செருகுநிரலில் ‘பட்டியலைச் சேமித்து வை’ என்ற தேர்வு ஏதேனும் இருந்தால் மட்டும் அணைத்துவிடுங்கள். எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே சாவியில் முடிவைச் சேமிக்கும் செருகுநிரல் ஒன்றில் நான் மாட்டிக்கொண்டேன். முதலில் திறக்கப்பட்ட பக்கம் விலக்கிய பதிவே 12 மணி நேரத்துக்கு எல்லாப் பக்கங்களிலும் விலக்கப்பட்டிருந்தது, மற்றவை தம்மைத் தாமே காட்டிக்கொண்டிருந்தன. நிரலில் பிழை தேடி இரவு முழுவதும் கழிந்தது.

தினைக்களம்

என் தளம் பகிர்வு வழங்கியில் ஓடுகிறது, ரெடிஸ் எதுவும் இல்லை. ஆகவே விலக்கலையே வைத்துக்கொண்டேன்.

இப்போது ஃபில்டரில் இருப்பது இவ்வளவுதான்: இஸ்_சிங்குலர் மெய்யானால் கெட்_கொயரீட்_ஆப்ஜெக்ட்_ஐடி; ஏஜாக்ஸ் கோரிக்கையானால் ரெஃபரர் வழியாகக் கிடைக்கும் எண்; இரண்டும் இல்லையென்றால் அளவுருக்களை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவது. எண் கிடைத்தபின், போஸ்ட்__இன் நிரம்பியிருந்தால் அதிலிருந்து கழித்தல், மிச்சமில்லாவிட்டால் 0. போஸ்ட்__இன் இல்லையென்றால் போஸ்ட்__நாட்_இன் அர்ரேயுடன் சேர்த்தல். மொத்தம் 22 வரிகள். தீமை மாற்றினாலும் நிலைக்கட்டும் என்று, துணைத் தீமிலிருந்து எடுத்து மியூ-ப்ளகின்ஸ் கோப்புறையில் தனிக் கோப்பாக வைத்துவிட்டேன்.

அமைப்புப் பக்கத்தைத் துருவியதில் ‘பட்டியலை 6 மணி நேரம் சேமி’ என்ற தேர்வு உண்மையிலேயே இருந்தது, அணைத்துவிட்டேன். உப்புமாப் பதிவின் கீழே வரகுப் புளியோதரை முதலில் நிற்கிறது. மூன்று முறை ‘மேலும் காட்டு’ அழுத்தியும் சாமைப் பொங்கல் ஒரே ஒருமுறைதான் வந்தது. இணைப்பு வேலை செய்யவில்லை என்று எழுதிய வாசகருக்கும் பதில் அனுப்பிவிட்டேன்.